கரையானுக்குத் திறந்த பீரோ

நான் வேலை பார்க்கும் நூலகத்தில் புத்தகம் வேண்டுமென்றால் முதலில் அதன் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் தெரியாவிட்டால் எழுதியவர் யார் என்று சொல்ல வேண்டும். இரண்டும் தெரியாதவர்கள் வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான். பெயர் தெரிந்தவனுக்கு எதற்கு இத்தனை பெட்டி, இத்தனை கார்டு? தெரியாதவன்தானே தேடிக்கொண்டு வருகிறான்? இதைக் கேட்டால் எங்கள் நூலகர் சார், "உனக்கு எதுக்கும்மா அதெல்லாம், பெருக்கிட்டியா?" என்பார்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கோபத்தைத் திருத்தாதீர்கள்.

போன புரட்டாசியில் என் தம்பி செத்துப்போனான். தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில், மேற்கே இருந்து கிழக்கே போக ஜனங்கள் தண்டவாளத்தைத் தாண்டுகிற இடத்தில் கரண்ட் வண்டி அடித்துவிட்டது. அவனுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. எங்கள் தெருவில் அவனுக்கு ஊமையன் என்றுதான் பெயர். பார்த்தவர்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "நாங்க கத்தாத கத்தா? பையன் திரும்பியே பாக்கலம்மா" என்றார்கள். கத்தினார்களாம். காது கேட்காத பிள்ளை என்று தெரிந்தவர்களே கத்திக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஓடிப்போய் சட்டையைப் பிடித்து இழுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவன் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் பட்ட பாடெல்லாம் அவன் நாக்குக்காகத்தான். வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்துத் தினமும் தடவினோம். பேச்சு வரும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அது கசக்கும். ஓடுவான். நான்தான் பிடித்துக் கொடுப்பேன். குன்றத்தூர் மலைக்குத் தூக்கிக்கொண்டு போய் மொட்டை போட்டோம். கோயில் மணிக்கு நேர் கீழே நிறுத்தி அடிக்கச் சொன்னோம். அவன் மேலே பார்த்துச் சிரித்தான். கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒருவர் நாக்கின் அடியில் இருக்கிற நரம்பை வெட்டினால் பேச்சு அவிழும் என்றார். வெட்டினார். ரத்தம் வந்தது, பேச்சு வரவில்லை. காது கேட்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அது ஒரு குறை, இது ஒரு குறை, பாவம் பிள்ளைக்கு ரெண்டு குறை என்று நினைத்திருந்தோம். நாக்கையாவது சரி பண்ணிவிடலாம் என்று பார்த்தோம்.

அவன் போன பிறகு அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை. அந்த வழியாகத்தான் அவர் தினமும் போய் வர வேண்டும். வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. நான் மட்டும் எதற்கெடுத்தாலும் சண்டை போட்டேன். பக்கத்து வீட்டு அக்கா நூலகத்தில் பெருக்குகிற வேலையை விட்டுவிட்டுக் கல்யாணமாகிப் போனார். "நீ போடி, வூட்ல இருந்தா பைத்தியம் புடிச்சுடும்" என்று என்னை அங்கே சேர்த்துவிட்டார்.

ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஓட்டுக் கட்டடம். முன் ஹாலில் பேப்பர் படிக்கிற மேஜை. சுவரோரமாகக் கண்ணாடி பீரோக்கள், எல்லாவற்றிலும் பூட்டு. சாவிக்கொத்து நூலகர் சார் இடுப்பில். ஆரம்பத்தில் எனக்கு நகைக்கடை ஞாபகம்தான் வந்தது. பூட்டுக்குக் காரணம் உண்டு. ஒரு தடவை மேலிடத்திலிருந்து வந்து புத்தகங்களை எண்ணிப் பார்த்தபோது குறைந்திருக்கிறது. குறைந்ததை அவர் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவருக்கு வருகிறவர்கள் எல்லாரும் திருடர்கள். சாயங்காலம் கொஞ்ச நேரம் மட்டும் திறப்பார், அதுவும் மெம்பர்களுக்கு. மெம்பராக வேண்டுமென்றால் வீட்டு வரி கட்டுகிறவர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். வாடகைக் குடித்தனக்காரர்களும் குடிசைக்காரர்களும் யாரைப் போய்க் கேட்பது?

கார்டு பெட்டிகளைப் பற்றி நான் தெரிந்துகொண்டது மழையால். புத்தகத்துக்கு ஒரு கார்டு என்று எழுதி, கம்பியில் கோத்து வைத்திருக்கிற பெட்டிகள். கார்த்திகையில் ஓடு ஒழுகி ஒரு மூலை முழுக்க நனைந்துவிட்டது. கார்டுகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளம் மாதிரி ஆகிவிட்டன. வெயில் வந்ததும் சார் என்னைக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் கம்பிய உருவி வெளில காய வை. வரிசை மாறிச்சு, அவ்ளோதான்" என்றார். நான் காம்பவுண்டில் கோணிச் சாக்கு விரித்துக் கார்டுகளைப் பரப்பி மேலே சின்னச் சின்னக் கல் வைத்தேன். வரிசை மாறாமல் வைப்பதற்காக ஒவ்வொன்றையும் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன்.

அப்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஹாலில் இருந்த பெட்டிகளில் எழுதியவர் பெயரில் கார்டு, புத்தகத்தின் பெயரில் கார்டு. சாரின் மேஜைக்குப் பின்னால் இன்னும் ஒரு பெட்டி இருந்தது. அதில் பெயரே கிடையாது, விஷயம்தான். ஆடு வளர்ப்பு, இரத்த சோகை, கிணறு வெட்டுதல், தேனீ, வீட்டுக் கடன். ஒவ்வொன்றின் கீழும் இன்ன புத்தகம், இன்ன எண் என்று எழுதியிருந்தது. ஒன்றுமே தெரியாதவன் வந்து ஆடு என்று சொன்னால் போதும், புத்தகம் கிடைத்துவிடும்! அந்தப் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்திருந்தார்கள்.

"இத இன்னாத்துக்கு சார் உள்ள வச்சீங்க?" என்று கேட்டேன்.

"வெளில வச்சா பப்ளிக் கைய வச்சு கலைச்சுடுவாங்க."

பப்ளிக் கலைக்கக் கூடாதென்றால் பப்ளிக்குக்கு நூலகம் எதற்கு என்று வாய் வரைக்கும் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிது. முழுங்கிக்கொண்டேன்.

அதன்பிறகு சார் சாப்பிடப் போகும்போதெல்லாம் அந்தப் பெட்டியை இழுத்துப் பார்ப்பேன். ஒருநாள் அஸ்தினாபுரத்திலிருந்து ஒருவர் தலையில் துண்டோடு வந்து வாசலிலேயே நின்றார்.

"கோழிங்க கழுத்த தொங்கப் போட்டுக்கினு பொட்டு பொட்டுனு சாவுதும்மா. இதுக்கு ஏதனா பொஸ்தகம் கீதா?"

"உள்ள வாங்கண்ணா, பாக்கலாம்."

"உள்ள வந்தா இன்னாவாவது கேப்பாங்களா?"

"கோழிய பத்தி மட்டும்தான் கேப்பேன், வாங்க."

அவர் சிரித்துவிட்டார். கோழி வளர்ப்பு என்ற கார்டை எடுத்து எண்ணைப் பார்த்துச் சொன்னேன். சாயங்காலம் பீரோ திறந்தபோது சார் முனகிக்கொண்டே அந்தப் புத்தகத்தை எடுத்தார். மேஜையில் வைத்தே நோய்ப் பக்கத்தை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டினேன். பிழைத்த கோழிகளில் ஒன்றைக் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் வரவேயில்லை. கோழிகளும் பிழைத்திருக்காது. ஆனாலும் எனக்கு அன்று சோறு இறங்கியது. ரொம்ப நாளைக்குப் பிறகு.

அன்றைக்கே எனக்கு ஆசை வந்துவிட்டது. தம்பியைத் தேடினேன். எதற்கென்று கேட்காதீர்கள், அவன்தான் இல்லையே. ஊமை என்று பார்த்தேன், இல்லை. நாக்கு என்று பார்த்தேன், இல்லை. வாய் என்று பார்த்தால் பல் வலி வந்தது. பேச்சு என்று ஒரு கார்டு கிடைத்ததும் மார் அடித்துக்கொண்டது. பார்த்தால் கூட்டத்தில் கைதட்டு வாங்குவது எப்படி என்று சொல்லித்தருகிற புத்தகங்கள். வரிசையாக ஐந்தாறு. மேடையேறிக் கத்துகிறவர்களுக்கு இத்தனை புத்தகம், என் தம்பிக்கு ஒரு கார்டு கூட இல்லையே என்று பெட்டியை அறைந்து மூடினேன். மற்றவர்களுக்குத் தேடிக் கொடுத்தேன். அவனைத் தேடுவதை விட்டுவிட்டேன்.

சித்திரையில் ஒரு அக்கா வந்தார். பல்லாவரம் பக்கம் கல் குவாரியில் ஜல்லி உடைக்கிறவர். புடவையெல்லாம் வெள்ளைத் தூசி. இடுப்பில் ஆறு வயதுப் பையன். இறக்கிவிடுகிற வயசுதான், ஆனால் இறக்கினால் ரோட்டுக்கு ஓடிவிடுவானாம், பின்னால் வண்டி வந்தால் தெரியாதாம்.

சாரிடம் போய் நின்று அவர் சொன்னார்: "சார், இவனுக்கு பேச்சு வல்ல. பெரியாஸ்பத்திரில டாக்டரு சொன்னாரு, நாக்கு நல்லாத்தான் கீது, காதுதான் கேக்கல, காதுல வுழாதது எப்பிடி வாயில வரும்னு. இந்த மாரி பசங்களுக்குனு இஸ்கூலு கீதாம். ஏழு வயசு தாண்டிட்டா சேக்க மாட்டாங்களாம். எங்க கீதுன்னு கேக்கறதுக்குள்ள அடுத்த ஆள கூப்ட்டாரு. புக்குல எல்லாம் எழுதி இருக்கும்னு சொன்னாங்க, அதான் இங்க வந்தேன்."

சார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "புக் பேர் என்னம்மா?"

"தெரியாது சார்."

"எழுதினவர்?"

"நான் படிக்காதவ சார்."

"தெரிஞ்சுகிட்டு வாங்க."

நான் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்த அக்கா சொன்ன ஒரு வரிக்குப் பிறகு எனக்கு எதுவும் காதில் விழவில்லை. காதில் விழாதது எப்படி வாயில் வரும். அவ்வளவுதானா? ரெண்டு குறை இல்லையா? ஒரே குறைதானா? அப்படியென்றால் நாங்கள் தடவிய வசம்பு, வெட்டிய நரம்பு எல்லாம் என்ன? ஒரு டாக்டர் அவசரத்தில் சொல்லிவிட்டுப் போகிற இந்த ஒரு வரியை எங்களுக்குச் சொல்ல இந்த ஊரில் ஒரு நாதி இல்லையா?

அந்த அக்காவை வாசலில் நிறுத்தி, "நாளான்னைக்கு வாங்கக்கா, நான் பாத்து வைக்கறேன்" என்றேன்.

"நெசமாவா கண்ணு? ஒரு நாள் கூலி போச்சுன்னா ஊட்டுக்காரரு கத்துவாரு."

"நெசமாத்தான். வாங்க."

சார் சாப்பிடப் போனதும் பெட்டியை இழுத்தேன். கா வரிசை. காசநோய்க்குப் பக்கத்தில் இருந்தது: காது கேளாதோர் கல்வி. நான் அவனை வாயில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன், எங்கள் வீட்டில் எல்லாரையும் போல. கார்டில் ஒரே ஒரு புத்தகம். எண்ணை வைத்துப் பீரோவைக் கண்டுபிடித்தேன். ஜன்னலோர பீரோ, நடுத்தட்டு. கண்ணாடிக்குள் முதுகு தெரிகிறது, பெயர் தெரிகிறது. தினமும் நான் ஈரத்துணியால் துடைக்கிற கண்ணாடி. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், தம்பி உயிரோடு இருந்த காலம் முழுக்க, அது அங்கேயே இருந்திருக்கிறது.

சார் வந்ததும் கேட்டேன். அந்த பீரோவா, அது திறக்கிறதில்லை என்றார். அரசாங்கம் அனுப்பிய நல்ல புத்தகங்களாம். அடுத்த தடவை எண்ண வரும்போது ஒன்றும் குறையக் கூடாதாம்.

"ஒரு பக்கம் பாத்துட்டு வச்சுடறேன் சார். ஒரு அட்ரஸ்தான்."

"நீ மெம்பரா?"

"நான் இங்கதான சார் வேல செய்யறேன்."

"வேலை செய்யறவங்க படிக்க ஆரம்பிச்சா வேலை யார் செய்யறது?"

சொன்ன நாளில் அந்த அக்கா வந்தபோது புத்தகம் கையில் இல்லை. மெம்பராகச் சேர்த்துவிட்டால் சார் ஒன்றும் சொல்ல முடியாது என்று நினைத்தேன். பேப்பர் மேஜையில் தினமும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அந்தக் காலத்து கிராமத்துக்காரர். நிலத்தையெல்லாம் பிளாட் போட்டு விற்றுவிட்டு வீடு வீடாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். வீட்டு வரி கட்டுகிறவர்களில் ஊரிலேயே பெரியவர். அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

"அண்ணா, ஒரு ஜாமீன் கையெழுத்து."

அவர் அந்த அக்காவை மேலிருந்து கீழே பார்த்தார். "எந்த ஊர் ஆளு நீ?"

"குவாரில வேல செய்யறோங்க. குடிசைதான்."

"இன்னிக்கி இங்க இருப்ப, நாளைக்கி கல்லு தீந்துச்சுன்னா மூட்டைய கட்டிக்கினு கெளம்பிடுவ. புக்க கிழிச்சு சுண்டல் மடிச்சா நான் போயி பதில் சொல்லணுமா?"

"நான் எங்கங்க சுண்டலு விக்கறேன், கல்லுதான் ஒடைக்கறேன்" என்றார் அந்த அக்கா. கிண்டலாகச் சொல்லவில்லை. விவரம் தெரியட்டும் என்று சொன்னார். மேஜையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பையனும் அவர்கள் முகங்களைப் பார்த்துச் சிரித்தான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அண்ணா, அந்த குவாரி கல்லுலதான உங்க வூடெல்லாம் நிக்குது? அதுக்கு ஜாமீன் யாரு போட்டா?" என்று கத்திவிட்டேன். சார் ஓடி வந்து சுவரில் இருந்த அமைதி போர்டைக் காட்டினார். இன்னொரு தரம் வாய் திறந்தால் வேலை போய்விடும் என்றார். அந்த அக்கா என் கையைப் பிடித்து, "உனக்கு ஏன் கண்ணு பேஜாரு, வுடு" என்றார். பையனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வெயிலில் நடந்தார். பள்ளிக்கூடம் திறக்க ஒரு மாதம் கூட இல்லை. இந்த வருஷம் விட்டால் வயசு தாண்டிவிடும். அப்புறம் அவனும் தண்டவாளம் தாண்டுவான்.

வேறு யாரையாவது கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டேன். போஸ்ட் ஆபீசில் கேட்டேன், பெயர் எழுதிக் கொடுத்தால் தபால் போகும் என்றார்கள். பெயருக்குத்தானே அலைகிறேன். எங்கள் தெரு டீச்சர் ஒருவரைக் கேட்டேன். மெட்ராசில் எங்கேயோ இருக்கிறதாம். மெட்ராஸ் என்ன கைக்குட்டையா, விரித்துத் தேட?

கண்ணாடியை உடைத்துவிடலாமா என்று கூட நினைத்தேன். காம்பவுண்டில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தபோதுதான் சுவரில் கரையான் கட்டிய மண்கோடு கண்ணில் பட்டது. சார் மனுஷருக்குப் பயப்பட மாட்டார், கரையான் என்றால் தூக்கமே வராது. மண்ணைப் பெயர்த்து எடுத்தேன். அதில் கொஞ்சம் ஈரம் காட்டி, ஜன்னலோர பீரோவின் காலிலிருந்து மேலே கதவிடுக்கு வரை அழகாகக் கோடு இழுத்தேன். உயிரோடு நாலைந்து பூச்சியும் விட்டேன். இதற்காக எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது.

மறுநாள் காலை, "சார், கரையான்!" என்றேன்.

அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். குனிந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ, இது எப்ப ஏறிச்சு? நீ என்னத்த பெருக்கற? எடு, எடு, எல்லாத்தையும் வெளில எடு! வெயில்ல போடு!"

இடுப்பிலிருந்து சாவி வந்தது. ஒரு பிள்ளையின் வாழ்க்கைக்குத் திறக்காத பூட்டு நாலு பூச்சிக்குத் திறந்துகொண்டது.

அந்த அக்காவை வரச் சொல்லி அனுப்பியிருந்தேன். புத்தகங்களைச் சாக்கில் பரப்பிக்கொண்டிருந்தபோது பையனோடு வந்து சேர்ந்தார். தாழ்வாரத்தில் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்திருந்த சார், "யார் அது? புக்கை தொடாதே!" என்றார்.

"தூசி தட்ட ஆளு சார்! நான் ஒருத்தியா எவ்ளோ தட்டறது? சும்மாவே தட்டித் தரேன்றாங்க!"

"சும்மாவா?" சார் யோசித்தார். "சரி, எண்ணி எண்ணி வைக்க சொல்லு."

அந்த அக்கா முந்தானையால் ஒவ்வொரு புத்தகமாகத் துடைத்தார். கல் உடைக்கிற கை, அத்தனை மெதுவாகத் துடைத்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஒரு புத்தகத்தைப் பிரித்தேன். பிரிக்க முடியவில்லை. பக்கங்களின் ஓரம் வெட்டப்படாமல் இரண்டிரண்டாக ஒட்டியிருந்தது. அச்சாகி வந்ததிலிருந்து ஒருவரும் அதைத் திறக்கவில்லை. துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி ஓரங்களைக் கிழித்தேன்.

எழுத்துக் கூட்டி மெல்லிய குரலில் படித்தேன். காது கேளாத பிள்ளைக்குக் குரல் இருக்கிறது. பேசுகிறவரின் உதட்டைப் பார்க்கவும், தொண்டையில் கை வைத்து அதிர்வைப் பிடிக்கவும் பழக்கினால் பேசக் கற்கும். எவ்வளவு சின்ன வயதில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இவ்வளவும் சாதாரணத் தமிழில் இருந்தது. எனக்கே புரிந்தது. எந்த டாக்டரும் தேவையில்லை.

"இன்னொரு தபா படி கண்ணு."

மறுபடி படித்தேன். அவர் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பையனின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டார். "டேய், அம்மாடா" என்றார். பையன் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, பிறகு அவனே மறுபடி வைத்தான்.

கடைசிப் பக்கத்தில் பள்ளிக்கூடங்களின் விலாசம் இருந்தது. எங்கள் ரயில் போகிற பாதையிலேயே, இறங்கி கொஞ்ச தூரம் நடந்தால் ஒன்று. பழைய பேப்பர் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். புத்தகங்களைத் திருப்பி அடுக்கி முடித்ததும் சார் எண்ணிப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை. பூட்டினார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அம்மா தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். பிறகு, "இப்ப எதுக்குடி இதெல்லாம் இங்க கொண்டாந்த? நான் அவன் நாக்க வெட்ட கொடுத்தவ. அத சொல்றதுக்கா வந்த?" என்று தட்டை வீசினார்.

"உன்ன சொல்லலம்மா."

"பின்ன யார சொல்ற?"

யாரைச் சொல்வது? அம்மா கொஞ்ச நேரம் கழித்து, "அந்த இஸ்கூலு எங்க கீது?" என்று கேட்டார். சொன்னேன். "அவ்ளோ கிட்டக்கவா" என்றார். வீசிய தட்டை நான்தான் எடுத்து வைத்தேன்.

பள்ளிக்கூடம் திறந்ததும் அங்கே தனியாகப் போக அந்த அக்காவுக்குப் பயம். "பெரிய மனுசங்க கேள்வி கேப்பாங்க, எனக்கு வாய் வராது. நீயும் வா கண்ணு" என்றார். லீவு கேட்டால் கிடைக்காது. வயிற்று வலி என்று சொல்லியனுப்பிவிட்டு, தாம்பரத்தில் வண்டி ஏறினேன். பல்லாவரத்தில் அந்த அக்கா பையனோடு ஏறிக்கொண்டார். பையனுக்குப் புதுச் சட்டை, அளவு பெரிது. வெளியே சிக்னல் கம்பத்தின் கை இறங்கும்போதெல்லாம் என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி அதைக் காட்டினான். என் தம்பியும் அப்படித்தான், வேண்டியதைக் காட்ட முகத்தைப் பிடித்துத் திருப்புவான். நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றிப் பையனைப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் கை தட்டிப் பார்த்தார். தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அந்த அக்காவைப் பார்த்துக் கேட்டார்:

"இவ்ளோ நாள் என்ன பண்ணிட்டு இருந்தீங்க? மூணு வயசுல கொண்டு வந்திருக்கணும். வயசு தாண்டப் போற நேரத்துல வந்து நிக்கறீங்க. பெத்தா மட்டும் போதுமா? கொஞ்சமாவது அக்கறை வேணாம்?"

அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டார். தப்பு செய்தவர் மாதிரி, "தெரியலம்மா, மன்னிச்சுக்கங்க" என்றார்.

அந்த மன்னிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏம்மா மன்னிக்கணும்?" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "யாரு சொன்னாங்க இவங்களுக்கு? டாக்டரு பாதி சொல்லிட்டு அடுத்த ஆள கூப்ட்டாரு. புக்குல எழுதி பீரோல வச்சு பூட்டிட்டாங்க. பூட்ட தெறக்க வூட்டு வரி கட்டறவரு கையெழுத்து வேணும்னாங்க. அவரு புக்க கிழிச்சு சுண்டல் மடிப்பாங்கன்னாரு. இவங்க ஜல்லி ஒடைக்கற கையோட எத்தினி வாசல்ல நின்னாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? நீங்க ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அந்த குவாரிக்கு வந்து சொல்லி இருக்கீங்களா? எங்க தெருவுக்கு வந்தீங்களா? எங்க வூட்லயும் ஒரு பையன் இருந்தான். அவன நாங்க அக்கற இல்லாமயா வளத்தோம்?"

டீச்சரம்மா என்னைப் பார்த்தார். "இருந்தான்னா?" என்று கேட்டார். நான் பையனின் சட்டைக் காலரைச் சரி செய்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பையன் பேர் சொல்லுங்க" என்றார் அந்த அக்காவிடம். ஆயா ஒருத்தி பாய் தலையணைக்கு வழி பார்க்க உள்ளே போனாள். அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும், மாதம் ஒரு தடவை வந்து பார்க்கலாம் என்றார்கள்.

அடுத்த அறையில் பாடம் நடந்துகொண்டிருந்தது. என் தம்பி வயதுப் பையன்கள். ஒருவன் டீச்சர் தொண்டையில் கை வைத்துக்கொண்டு, கரகரவென்று, இழுத்து இழுத்து, "தண்...ணீ" என்றான். நான் வெளியே குழாயடிக்குப் போய் நின்றுகொண்டேன். இதைக் கற்றுக்கொள்ள என் தம்பிக்கு என்ன குறைச்சல்? அவனுக்கென்று ஒரு பாய் இங்கே இருந்திருக்கும். எங்கள் ரயில் பாதையில். நாங்கள் குன்றத்தூருக்குப் போன செலவில் பாதி கூட ஆகியிருக்காது.

பையனை ஆயா கையில் கொடுத்துவிட்டு அந்த அக்கா விடுவிடுவென்று கேட் பக்கம் நடந்தார். நான்தான் திரும்பிப் பார்த்தேன். வண்டியில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்.

"நான் திரும்பிப் பாக்கல கண்ணு. அழுதானா?"

"அழுதான்க்கா."

"சத்தமாவா?"

"தெரு முழுக்க கேட்டுருக்கும்."

"அப்ப சரி." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கன்னத்தில் கல் தூசி கோடு போட்டது. "கொரலு நல்லாத்தான் கீது அவனுக்கு. பேசிடுவான்."

அவர் பல்லாவரத்தில் இறங்கிக்கொண்டார். நான் தாம்பரம் வரை போனேன். என் தம்பியும் அப்படித்தான் அழுவான், தெருவே கேட்கும். தினமும் கேட்டார்கள். படித்தவர்கள் இருந்தார்கள், ஆபீஸ் போகிறவர்கள் இருந்தார்கள், டீச்சர்கள் கூட இருந்தார்கள். ஊமையன் கத்துகிறான் பார் என்று ஜன்னலைச் சாத்தினார்கள். ஊமைக்கு ஏது குரல் என்று அதில் ஒருவர் யோசித்திருந்தால் போதும்.